குறை வைத்தால் கூடும் மின்னோட்டம்

எந்தச் சரக்கும் குறையில்லாமல் இருந்தால்தான் நல்ல விலை போகும் என்பது சந்தையின் பொதுவிதி. அரிசியில் கல் இருக்கக்கூடாது. துணியில் இழை அறுந்திருக்கக்கூடாது. வைரத்தில் கரும்புள்ளி இருக்கக்கூடாது. ஆனால் ஒரு சரக்கு மட்டும் இந்த விதிக்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. அதில் குறையே இல்லாவிட்டால் அது உருப்படியாக வேலை செய்யாது. இருக்கிற குறை போதவில்லையென்றால் காசு செலவழித்து, இயந்திரம் வைத்து, அணுத்துகள்களால் அடித்து மேலும் குறைகளை உண்டாக்குகிறார்கள். அந்தச் சரக்கின் பெயர் உயர்வெப்பநிலை மீக்கடத்தி.

துகள்களால் அடிக்கும் இந்த வேலையைக் கதிரூட்டல் எனலாம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதில் ஆராய்ச்சி நடக்கிறது. "மின்னோட்டம் இரட்டிப்பானது" என்று அவ்வப்போது ஓர் ஆய்வு முடிவு வரும். படித்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தக் குளிரில் இரட்டிப்பானது? எவ்வளவு காந்தப்புலத்தில்? என்ன செலவில்? இந்த மூன்றையும் கேட்காமல் கதிரூட்டலைப் புகழ்வதும் தப்பு, ஒதுக்கித் தள்ளுவதும் தப்பு. இயற்பியல் தெரிந்தவர்கள் மட்டும் பேசி முடிக்கிற விஷயம் அல்ல இது. பாதிக்குமேல் இது ஒரு செலவுக் கணக்கு.

கொஞ்சம் முன்கதை

1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்ஸ் என்ற விஞ்ஞானி பாதரசத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனார். 4.2 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை திடீரென்று காணாமல் போனது. தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் இந்தப் பொருள்களுக்குத்தான் மீக்கடத்தி என்று பெயர். சிக்கல் என்னவென்றால், அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். ஹீலியம் விலை உயர்ந்தது, கிடைப்பதும் அரிது.

75 வருடம் கழித்து, 1986-ல், சூரிச் அருகே உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் தாமிர ஆக்சைடு கலந்த ஒரு பீங்கான் வகைப் பொருளில், 30 கெல்வினுக்கு அருகே மீக்கடத்தும் தன்மையைக் கண்டார்கள். மறு வருடமே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள். 1987 தொடக்கத்தில் பால் சூ, மாவ்-குவென் வூ ஆகியோரின் குழுக்கள் இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருளை அறிவித்தன. அது 93 கெல்வினிலேயே மீக்கடத்தியாக மாறியது. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். காற்றிலிருந்து பிரித்தெடுக்கிற நைட்ரஜனே போதும், ஹீலியம் வேண்டாம் என்பதுதான் இதன் பொருள். அந்த மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டம் நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. அதற்கு "இயற்பியலின் உட்ஸ்டாக்" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இழப்பே இல்லாத மின்கம்பி, மிதக்கும் ரயில் என்று கனவுகள் பறந்தன. ஆனால் தடை பூஜ்ஜியம் என்பது ஒரு விஷயம், எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு மீக்கடத்திக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. அதற்கு மாறுநிலை மின்னோட்டம் என்று பெயர். அதைத் தாண்டினால் தடை திரும்ப வந்துவிடும். தொடக்கத்தில் செய்த பீங்கான் கட்டிகளில் இந்த அளவு பரிதாபமாக இருந்தது.

காரணங்கள் இரண்டு. ஒன்று, சின்னச் சின்னப் படிகத் துணுக்குகள் ஒன்றுக்கொன்று கோணலாக ஒட்டியிருந்தன. அந்த ஒட்டு எவ்வளவு கோணலோ அவ்வளவுக்கு மின்னோட்டம் விழுகிறது என்பதை 1988-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். படிகங்கள் எல்லாம் ஒரே திசையில் அமையும்படி உலோக நாடாமேல் மெல்லிய படலமாக வளர்க்கும் முறை வந்த பிறகு இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. கதிரூட்டல் இதற்கு மருந்தல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது மருந்தாவது இரண்டாவது காரணத்துக்கு.

ஆற்றில் பரிசல்

இந்த வகை மீக்கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்தால், புலம் அதற்குள் மெல்லிய நூல்களாக நுழைகிறது. ஒவ்வொரு நூலையும் சுற்றி மின்னோட்டம் சுழல்வதால் இவற்றைக் காந்தச் சுழல்கள் என்கிறார்கள். அப்ரிகோசோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1957-ல் இதை விளக்கினார். அவருக்கு நோபல் பரிசு வந்தது 2003-ல். 1 டெஸ்லா புலத்தில் இரண்டு சுழல்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 50 நானோமீட்டர். புலம் கூடக் கூட நெருக்கமும் கூடும்.

சுழல் இருப்பதால் தீங்கில்லை. அது நகர்ந்தால்தான் தீங்கு. கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது அது சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளப்பட்ட சுழல் நகர்ந்தால் ஆற்றல் வெப்பமாக வீணாகும், தடை தோன்றும். பிறகு மீக்கடத்தி என்று பெயர் வைத்துக்கொண்டு என்ன பயன்?

ஓடும் ஆற்றில் பரிசல்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் படுகை வழவழவென்று சுத்தமாக இருந்தால் பரிசல் எங்கே நிற்கும்? வெள்ளத்தோடு போய்விடும். ஆங்காங்கே முளை அடித்து அதில் கட்டினால்தான் நிற்கும். முளை உறுதியாக இருந்தால் வெள்ளம் வேகமாக வந்தாலும் பரிசல் நகராது. மீக்கடத்தியில் முளையாக இருப்பது குறை. படிகத்தில் அணு இடம் பெயர்ந்த இடம், சிதைந்த இடம், வேறு பொருள் கலந்த சிறு துணுக்கு எதுவும் முளையாகலாம். சுழலின் நடுப்பகுதி சில நானோமீட்டர் அகலமே உள்ளது. அதே அளவில் ஒரு குறை இருந்தால் சுழல் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆறு முழுக்க முளை அடித்தால் என்ன ஆகும்? தண்ணீர் போகவே வழியிருக்காது. குறைகள் அளவு மீறினால் மீக்கடத்தும் பகுதியே சுருங்கும், மாறுநிலை வெப்பநிலையும் இறங்கும். ஆகவே மின்னோட்டம் முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். கதிரூட்டல் பற்றிய எந்த விவாதத்திலும் இந்த ஏற்ற இறக்கத்தை மறந்துவிடக்கூடாது.

எதை வைத்து அடிப்பது?

1989-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஒற்றைப் படிகத்தை நியூட்ரான்களால் அடித்து, 77 கெல்வினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியருக்கு அருகே கொண்டுபோனார்கள். அடிபடாத நல்ல படிகம் இதன் பக்கத்தில்கூட வராது. சுத்தமான படிகத்தைவிடச் சிதைந்த படிகம் மேல் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1991-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 580 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள வெள்ளீய அயனிகளைப் பயன்படுத்தினார்கள். கனமான அயனி படிகத்தைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும். போன பாதையெல்லாம் சில நானோமீட்டர் குறுக்களவில் ஒரு சிதைந்த தூண் மிஞ்சும். சுழலும் நூல் வடிவம், குறையும் நூல் வடிவம். பொருத்தம் பிரமாதம். உயர்ந்த புலத்திலும் வெப்பநிலையிலும் சிதறிய புள்ளிக் குறைகளைவிட இந்தத் தூண்கள் நன்றாகப் பிடித்தன. ஆனால் அதற்கு ஒரு பெரிய முடுக்கி வேண்டும்.

மூன்றாவது வழி அணுப்பிளவு. பொருளிலேயே கொஞ்சம் யுரேனியத்தைக் கலந்துவிட்டு நியூட்ரானால் அடித்தால், யுரேனிய அணு உள்ளேயே வெடித்துப் பிளந்து, துண்டுகள் நாலாபக்கமும் தடம் பதிக்கும். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராய் வைன்ஸ்டைன் குழு இதைப் பல ஆண்டுகள் வளர்த்தது. பிஸ்மத் கலந்த மீக்கடத்தி என்றால் யுரேனியம்கூட வேண்டாம். 0.8 பில்லியன் எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான்களால் அடித்தால் பிஸ்மத் அணுவே பிளக்கிறது என்று 1994-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளவுத் துண்டுகள் கதிரியக்கம் உள்ளவை. பிஸ்மத் நாடாக்களில் உறையாக இருக்கும் வெள்ளியும் நியூட்ரானை வாங்கிக்கொண்டு, சுமார் 250 நாள் அரை ஆயுள் கொண்ட கதிரியக்க வெள்ளியாக மாறுகிறது. அதை மருத்துவமனை ஸ்கேனருக்குள் வைக்க யார் சம்மதிப்பார்கள்? எத்தனை பாதுகாப்பு விதி, எத்தனை அனுமதி, எத்தனை மாதக் காத்திருப்பு! சரக்குக் கிடங்கில் ஆறு மாதம் தூங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அணு உலை வழி ஆராய்ச்சிக்கு அருமை, தொழிற்சாலைக்கு அல்ல.

நான்காவது வழிதான் கவனிக்க வேண்டியது. குறைந்த ஆற்றலுள்ள அயனிகள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், கடையில் வாங்கக்கூடிய நாடாவை 4 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான்களால் அடித்தபோது, 27 கெல்வினில் 6 டெஸ்லா புலத்தில் அதன் மின்னோட்டம் கிட்டத்தட்ட இரட்டித்தது. 2015-ல் புரோட்டானுக்குப் பதில் 3.5 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆக்சிஜன் அயனிகளைப் பயன்படுத்தினார்கள். 0.8 சதுர சென்டிமீட்டருக்கு ஒரே ஒரு விநாடி போதுமானதாக இருந்தது. நாடாவின் மேலுள்ள வெள்ளிப் பூச்சு வழியாகவே அடித்தார்கள். படலம் வளர்க்கும் முறையில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அடித்த பிறகு சொல்லும்படியான கதிரியக்கமும் தங்குவதில்லை.

ஒரு விநாடி என்பது எவ்வளவு வேகம்? 4 மில்லிமீட்டர் அகல நாடா என்றால் 0.8 சதுர சென்டிமீட்டர் என்பது 2 சென்டிமீட்டர் நீளம். அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் நாடாவுக்குச் சுமார் 14 மணி நேரம். மலைப்பாக இருந்தாலும் இது தொழிற்சாலை அளவிலான கணக்கு. ஓர் இயந்திரத்தை இரவு பகலாக ஓட்டினால் மாதத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் வரும். அகலமான கற்றை, கூடுதல் இயந்திரம் என்று போனால் இன்னும் ஏறும்.

கிலோ ஆம்பியர் மீட்டர்

மின்கம்பியை மீட்டர் கணக்கில் விற்பார்கள். மீக்கடத்தி நாடாவுக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. ஆயிரம் ஆம்பியரை ஒரு மீட்டர் தூரம் கொண்டுபோக என்ன செலவு என்பதுதான் சரியான விலை. இதைக் கிலோ ஆம்பியர் மீட்டர் விலை என்கிறார்கள்.

கணக்குக்காகச் சில கற்பனை எண்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாடா மீட்டருக்கு 2,000 ரூபாய், பயன்படுத்தும் இடத்தில் 100 ஆம்பியர் தாங்குகிறது. அப்படியானால் கிலோ ஆம்பியர் மீட்டர் விலை 20,000 ரூபாய். கதிரூட்ட மீட்டருக்கு 500 ரூபாய் கூடுதல் செலவு, மின்னோட்டம் 200 ஆம்பியர் ஆகிறது. இப்போது விலை 12,500 ரூபாய். கதிரூட்டும் செலவு 2,000 ரூபாயைத் தொடும்வரை லாபம்தான். அதற்குமேல் போனால், இரண்டு நாடாவாக வாங்கிக்கொள்வதே மேல்.

இது ஏன் இவ்வளவு சாதகமாக இருக்கிறது? நாடாவில் மீக்கடத்திப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான். அடியில் பல பத்து மைக்ரோமீட்டர் உலோகத் தகடு, நடுவே தாங்கு படலங்கள், மேலே வெள்ளி, அதற்குமேல் தாமிரம். செலவில் பெரும்பங்கு இந்த அடுக்குகளை வெற்றிட அறைகளில் ஒவ்வொன்றாக ஏற்றும் வேலைக்கு. இவை எல்லாம் ஏற்கெனவே செலவான பணம். அதே படலத்திலிருந்து இரண்டு மடங்கு வேலை வாங்கினால் அந்தச் செலவெல்லாம் இரண்டாகப் பங்கிடப்படுகிறது. நிலையான செலவை உற்பத்தியின்மேல் பரப்புவது என்று பாடப் புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

ஆனால் எந்த இடத்தில்?

இங்கேதான் தலைப்புச் செய்திகள் ஏமாற்றுகின்றன. 2016-ல் அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் நிறுவனம் சம்பந்தப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. 46 மில்லிமீட்டர் அகல நாடாவைச் சுருளிலிருந்து சுருளுக்கு ஓடவிட்டு, 18 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் தங்க அயனிகளால் அடித்தார்கள். 4 முதல் 50 கெல்வின்வரை, 1 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில் நல்ல ஏற்றம், இரண்டு மடங்குவரை. அதே நாடாவை 77 கெல்வினில், வெளிப்புலம் எதுவும் இல்லாமல் அளந்தால்? மின்னோட்டம் சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தது!

காரணம் பரிசல் கதையிலேயே இருக்கிறது. புலம் இல்லாத இடத்தில் பரிசல்களே கொஞ்சம்தான். அங்கே போய் நூறு முளை அடித்தால் முளை வீண், ஆறும் அடைபடும். மேலே சொன்ன கணக்கில் 100 ஆம்பியர் 65 ஆனால், 500 ரூபாய் செலவழித்த பிறகு விலை 38,000 ரூபாயைத் தாண்டும். அடிக்காமல் இருந்திருந்தால் 20,000.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-ல் ஒரு கிலோமீட்டர் நீள மீக்கடத்தி மின்வடம் நிலத்தடியில் இயங்கத் தொடங்கியது. அதுபோன்ற நகர மின்வடங்கள் திரவ நைட்ரஜனில், தங்கள் சொந்தப் புலத்தில் மட்டும் இயங்குபவை. அவற்றுக்குக் கதிரூட்டிய நாடா தேவையில்லை. "கதிரூட்டலால் ஊருக்கெல்லாம் இழப்பில்லா மின்சாரம்" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். மின்மோட்டார்கள், காற்றாலை ஜெனரேட்டர்கள், வலுவான காந்தச் சுருள்கள் இவைதான் சரியான இடம். அங்கே 30 கெல்வினை ஒட்டிய குளிரும் சில டெஸ்லா புலமும் இருக்கும்.

அணுக்கரு இணைவு உலைகள்? அங்கேதான் இந்த நாடாவுக்குப் பெரிய சந்தை உருவாகிறது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் எம்ஐடியும் காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனமும் 20 டெஸ்லா காந்தம் ஒன்றைச் சோதித்துக் காட்டின. அந்த ஒரு காந்தத்துக்கு மட்டும் 267 கிலோமீட்டர் நாடா. 20 டெஸ்லா புலம், 20 கெல்வின் குளிர் என்றதும் கதிரூட்டிய நாடாவுக்கென்றே அமைந்த இடம் என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. இணைவு உலையே நியூட்ரான்களைக் கொட்டும். காந்தத்தைக் காசில்லாமல் கதிரூட்டும் வேலையை அது தினமும் செய்துகொண்டிருக்கும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உலையில் நாடாக்களை நியூட்ரானில் காயவைத்துப் பார்த்தார்கள். மின்னோட்டம் முதலில் ஏறி, பிறகு இறங்கியது. செயற்கை முளைகள் முன்பே நிறைந்த நாடா சாதா நாடாவைவிடச் சீக்கிரமாக இறங்கத் தொடங்கியது.

அதாவது முதல் நாள் அதிக மின்னோட்டம் காட்டுகிற நாடா, பத்து வருடம் உழைக்கும் நாடாவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குறைகளுக்கும் ஒரு கையிருப்பு உண்டு. உலை தானாக உண்டாக்கப்போகிற குறைகளுக்கு இடம் மிச்சம் வைக்க வேண்டும். வாங்கும் விலையை மட்டும் பார்த்து, தேய்மானத்தை விட்டுவிடுகிற கணக்கை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ளமாட்டார். உலை கட்டுகிறவர்கள் மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

வேதியியலே போதாதா?

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றில், படலம் வளரும்போதே பேரியம் சிர்கோனேட்டைக் கலந்தால் நானோ அளவுத் துணுக்குகள் உள்ளேயே உருவாகி முளைகளாகின்றன என்று காட்டினார்கள். பல தயாரிப்பாளர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். கலவையில் ஒரு பொருளைக் கூட்டினால் முடிகிற வேலைக்கு முடுக்கி எதற்கு?

பாதி சரி. எங்கே கலவை சுலபமாக வேலை செய்கிறதோ அங்கே அதுதான் மலிவு. ஆனால் கலவையை மாற்றினால் படலம் வளரும் விதமும் மாறும். வேகத்தைக் கூட்டினாலோ தடிமனைக் கூட்டினாலோ முளைகளின் அமைப்பும் மாறிப்போகும், திரும்பச் சமன்படுத்த வேண்டும். கதிரூட்டல் படலம் வளர்ந்து முடிந்த பிறகு, தாமிரம் ஏற்றுவதற்கு முன்பு செய்கிற தனி வேலை. வரிசையில் ஒரு மேசையைச் சேர்ப்பது மாதிரி. ஒரே கிடங்கு நாடாவில் பாதியை அடிக்காமல் மின்வடத்துக்கும், மீதியை அடித்து மோட்டாருக்கும் அனுப்பலாம். வாடிக்கையாளர் யார் என்று தெரிந்த பிறகு சரக்கின் குணத்தைத் தீர்மானிக்க முடிவது ஒரு வியாபாரிக்கு எவ்வளவு பெரிய வசதி! கதிரூட்டலின் உண்மையான பலம் இந்த நெகிழ்வுதான். இரட்டிப்பு என்ற எண் அதற்கு அடுத்ததுதான்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. யுரேனியம், அணு உலை வழிகளை ஆராய்ச்சிக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பொதுப்பணம் போவதென்றால் குறைந்த ஆற்றல் அயனிகளின் வேகத்தைக் கூட்டவும் செலவைக் குறைக்கவும் போகட்டும். மின்வடத்துக்குக் கதிரூட்டிய நாடாவை யாரும் விற்க வேண்டாம். இணைவு உலைக்கு விற்கிறவர்கள் முதல் நாள் மின்னோட்டத்தோடு, நியூட்ரான் பட்ட பிறகு மிஞ்சும் மின்னோட்டத்தையும் சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இரட்டிப்பு" என்று அறிவிக்கிற ஒவ்வொருவரும் அதன் பக்கத்திலேயே வெப்பநிலை, புலம், கிலோ ஆம்பியர் மீட்டர் விலை மூன்றையும் எழுதட்டும். அரிசி மூட்டையில் எடையும் ரகமும் அச்சிடாமல் யாரும் வாங்குவதில்லை. பல கோடி ரூபாய்க் காந்தத்துக்குள் போகிற நாடாவுக்கு அதைவிடக் குறைவான தகவல் போதும் என்பது நியாயமே இல்லை.